குறைமாதக் குழந்தையும் கைத்தொடுகையும்



37 வாரம் நிறையுமுன் பிறக்கும் மகவைக் குறைமாதக் குழந்தை என்பர். அதன் தோல் மெல்லிய தாள் போன்றது. சற்றே அலைக்கழித்தாலும் மூச்சுத் தடுமாறும். ஆதலால் இயன்றவரை அதனைத் தொடாதிருப்பதே நன்று என்னும் கருத்து மருத்துவமனைகளில் நெடுங்காலம் நிலவியது. குருதி எடுத்தல், ஊசி குத்தல் போன்ற பணிகளுக்கே பெரும்பாலும் கைகள் இன்குபேட்டருக்குள் சென்றன. மனிதக் கை என்றாலே வலி என்றுதான் அப்பச்சிளம் உயிர் கற்றிருக்கும்.

அமெரிக்காவில் மயாமிப் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் டிஃபனி ஃபீல்டு அம்மையார் இக்கருத்தை ஐயுற்றார். அவர்தம் மகளும் குறைமாதத்தில் பிறந்தவரே. அவரும் உடன் ஆய்ந்தோரும் 40 குழந்தைகளை இரு பிரிவாக்கி நிகழ்த்திய ஆய்வு 1986-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு நாளும் மூன்று முறை, முறைக்கு 15 நிமிடமாகப் பத்து நாள் தடவுதல் நிகழ்ந்தது. தடவுபவர் கைகளை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு இன்குபேட்டரின் துளை வழியே நீட்டுவார். குப்புறக் கிடக்கும் குழந்தையின் தலையினின்று கழுத்துக்கும், கழுத்தினின்று தோளுக்கும், முதுகினின்று இடைக்கும், தொடையினின்று பாதத்துக்கும், தோளினின்று கைக்குமாக ஐந்து நிமிடம் நீவுவார். அடுத்த ஐந்து நிமிடம் மல்லாத்திக் கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவார். பின்னர் மீண்டும் நீவுதல்.

அப்பிரிவுக் குழந்தைகளின் அன்றாட எடைப்பெருக்கம் மற்றவர்களினும் 47 விழுக்காடு மிகுந்தது. ஆறு நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாகப் பால் உண்டிலர்! வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பெற்று இரைப்பையின் இயக்கம் செம்மையுறுவதே காரணம் எனப் பின்னாளில் விளக்கினர். அழுத்தமும் மிதமாக இருத்தல் வேண்டும். இறகால் வருடுவது போல் தொட்டால் கூச்சமுற்றுக் குழந்தை நெளியும்.

இவ்வாய்வுக்கு முன்னோடியாக டியூக் பல்கலைக்கழகத்தில் எலிக்குட்டிகளைத் தாயினின்று பிரித்து, அவற்றின் வளர்ச்சி குன்றுவதையும், ஈரத் தூரிகையால் வருட அது மீள்வதையும் கண்டனர். கொல்லாமை போற்றும் இவ்வவையோர்க்கு அம்முறை உவப்பளிக்காது. எனினும் அதனை மறைத்தல் முறையன்று.

மாற்றுக் கருத்தும் உண்டு. 2004-இல் பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தோர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் எடை கூடுவதைக் கண்டபோதிலும், ஆய்வுமுறைகளில் குறையுண்டு என எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை பொருந்துவதே.

பாட்டிமார் காலின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு நீராட்டும் முறையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. குறைமாதக் குழந்தைக்கு அது கேடு. மூச்சும் இதயத்துடிப்பும் நிலைபெற்ற பின்னர், மருத்துவர் இசைவோடு, செவிலியர் கற்றுத்தரத் தாயே செய்யலாம். நிறம் மாறினாலோ, விக்கல் எழுந்தாலோ, விரல்கள் விறைத்து விரிந்தாலோ உடனே நிறுத்திவிடல் வேண்டும். முதல் நாள் பல தாய்மார் அத்துளையருகே கை நடுங்கி நிற்பர். அவர்தம் தோள்மீது கைவைத்துச் சற்றுக் காத்திருப்பதும் செவிலியர் பணியேயாகும்.