குலசையில் கண்ட வேடம்

(யூபிலி நிறைவுக் கூட்டத்தில் விழாக்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி நிதியைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் குடும்பத்தோடு மணப்பாடு சென்றோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையைத் தரிசித்துத் திரும்புகையில், குலசேகரன்பட்டினத்தில் வேன் நகரவில்லை. முத்தாரம்மன் கோயில் தசரா! சடைமுடியும் தொங்கும் செந்நாக்குமாகக் காளிகள். ராஜா, போலீஸ்காரர், குறவன் குறத்தி, குரங்கு. மேளச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. என் பேத்தி ஒரு காளியைக் கண்டு அலறி, அடுத்த நிமிடமே குரங்கைக் கண்டு சிரித்தாள்.

கோவாவில் தவக்காலத்துக்கு முன் கார்னிவல் நடக்கிறதல்லவா? அங்கே முதலில் கொண்டாட்டம், பிறகு நோன்பு. குலசையிலோ நோன்புதான் முதலில். நாட்கணக்கில் விரதமிருந்து, காப்புக் கட்டி, வேடம் போட்டு, ஊர் ஊராய்க் காணிக்கை கேட்டு, பத்தாம் நாள் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். அன்றிரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம்.

கந்தல் வேட்டியோடு ஒருவர் வேன் ஜன்னலில் தட்டை நீட்டினார். "சில்லறை இல்லை, போப்பா" என்றேன். என் மனைவி பத்து ரூபாய் போட்டாள். வண்டியின் பெயர்ப்பலகையைப் பார்த்தவர், "அண்ணாச்சி, மூலனூரா? நான் திருப்பூர்ல இருபது மிஷின் போட்டு பனியன் தைக்கேன்" என்றார். மகனுக்கு உடம்பு சரியில்லாதபோது நேர்ந்துகொண்டாராம். "முத நாளு, முத வீட்டு வாசல்ல கை நீளவே இல்ல அண்ணாச்சி. சம்பளம் கொடுத்த கையில்லா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியாது. நிதி வசூலுக்கு என் தெருவை ஒப்படைத்தபோது, முழங்கால் வலி என்று சொல்லி இளைஞர்களை அனுப்பியவன் நான். மணப்பாட்டில் மணல்மேட்டில் ஏறிய முழங்கால்தான் அது.

அடுத்த ஞாயிறு ரசீதுப் புத்தகத்தை நானே கேட்டு வாங்கினேன். முதல் வீட்டில், "நாளைக்கு வாங்க" என்றார்கள். போனேன், மறுபடியும் "நாளைக்கு". மூன்றாம் நாள் இருநூறு ரூபாயும் ஒரு சொம்பு மோரும் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். ரசீது எண் ஒன்று அவருடையது.