ஏழு டாலரை மறுத்த பட்டாளம்



1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் கெட்டிஸ்பர்க் களத்தையும் லிங்கன், கிராண்ட், லீ என்ற பெயர்களையும் சொல்வார்கள். சொல்லட்டும். நாம் பேச வந்தது கூலியைப் பற்றி.

1863 ஜூலை 18. தென் கரோலினாவில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்னவர் படையின் வாக்னர் கோட்டை. லிங்கன் பக்கத்து மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவின் கறுப்பினச் சிப்பாய்கள் சுமார் 600 பேர் கடற்கரை மணலில் பீரங்கிக்கு நேரே ஓடினார்கள். கோட்டை விழவில்லை. மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் 270 பேருக்கு மேல். அவர்களுடைய வெள்ளைத் தளபதி ராபர்ட் ஷாவும் மதில்மேல் விழுந்தார். எதிரிகள் அவரைச் சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள்.

குண்டு நிறம் பார்க்கவில்லை, கஜானா பார்த்தது! வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10; அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். கையில் 7.

54-ஆம் பிரிவு அந்த ஏழைத் தொடவில்லை. குறைகிற தொகையை மாநில அரசு கொடுக்க முன்வந்தது, அதையும் வாங்கவில்லை. சம்பளமில்லாமலே போரிட்டார்கள். ஊரில் பெண்டு பிள்ளைகள் பட்ட பாடு, மாதாமாதம் மணியார்டர் அனுப்பிப் பழகிய நமக்குத் தெரியாதா?

வேறொரு கறுப்பினப் பிரிவில், இதே கோரிக்கைக்காகத் தன் ஆட்களைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன சார்ஜண்ட் வில்லியம் வாக்கரைக் கலகக்காரன் என்று 1864 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது லிங்கனின் ராணுவம்தான், தோழர்களே.

அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டம் இயற்றியது. செப்டம்பர் கடைசியில் 54-ஆம் பிரிவு சேர்ந்த நாள் முதலான பாக்கியை எண்ணி வாங்கியது.