நம்ம கைவேலை, நம்ம நம்பர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

“ஃபோன்ல பொருளை விக்கிறது பத்திப் பேசு” என்று தலைவி அக்கா சொன்னப்போ, எனக்கு என்ன தெரியும்னு தயங்கினேன். “நீ ஏமாந்ததையே சொல்லு, போதும்” என்றார்கள். அதையே சொல்றேன்.

நான் பிறந்தது பழவேற்காடு. பனை ஓலையில் பெட்டி, கூடை, தட்டு பின்னுவது அம்மா கற்றுக் கொடுத்தது. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டி வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் பேக்கிங் வேலை. கான்ட்ராக்ட் முடிஞ்சது, திரும்ப ஓலையை எடுத்தேன். மூடி போட்ட பெட்டி ஒன்றை வியாபாரி 40 ரூபாய்க்கு வாங்கிப் போவார். ஒருநாள் சென்னையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளே என் பெட்டி இருக்கு! என்னுதுன்னு எப்படித் தெரியும்? மூடி ஓரத்துல சிவப்பு ஓலையை ரெண்டு சுற்று விடுறது எங்க அம்மா வழக்கம். விலை 220. சரி, கடைக்கு வாடகை இருக்கு, கரண்ட் இருக்கு, அது போகட்டும். ஆனா அதுல தொங்கின சீட்டுல கடை பேர் மட்டும்தான். பழவேற்காடுன்னு ஒரு வார்த்தை இல்ல. பஸ்ல வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னதும், நாத்தனார் மகன் “நான் இன்ஸ்டாகிராம்ல போடறேன் அத்தை” என்றான். நல்ல பிள்ளைதான். கட்டில் மேல் பெட்டியை வைத்துப் படம் எடுத்துப் போட்டான். ஒரு மாசம் யாரும் கேட்கல. அப்புறம் நான் முற்றத்தில் உட்கார்ந்து பின்னுறதை முப்பது விநாடி வீடியோ எடுத்தான். என் முகம்கூடத் தெரியாது, கை மட்டும்தான். பின்னாடி கோழி கத்துது. அதைத்தான் ஜனங்க பார்த்தாங்க! செஞ்சு முடிச்ச பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும், செய்யற கை அங்கதானே கிடைக்காது.

தாம்பூலம் வைக்க 150 பெட்டி ஆர்டர் வந்தது. கணக்கு அவன் நம்பர்ல, அதனால பேச்சும் அவனோடு. விலையும் அவனே சொன்னான், “பத்து நாள்ல தரோம்”னு வாக்கும் கொடுத்துட்டான். அப்போ ஐப்பசி மழை. ஓலை காயணும், கிழிக்கணும், சாயத்துல கொதிக்க வைக்கணும், மறுபடி காயணும். இது அவனுக்கு எப்படித் தெரியும்? குழுவுல நாலு பேரைக் கூப்பிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கொடுத்தோம். கணக்குப் பார்த்தா ஆளுக்கு ஒரு நாள் கூலிகூட நிக்கல.

அப்புறம் அவனுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சது. சிம்மை மாத்தினான், ஃபோனையும் மாத்தினான். திறக்கப் போனா ரகசிய எண் பழைய நம்பருக்குப் போகுது. இரண்டு வருஷம் சேர்ந்த 1,400 பேரும் போயாச்சு.

குழு ஆரம்பிச்சப்போ பாஸ்புக்கை வீட்டுக்காரர் கையில கொடுக்காதீங்க, கையெழுத்து நீங்களே போடுங்கன்னு நமக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஃபோன் நம்பரும் இப்போ பாஸ்புக்தான். பிள்ளைங்க படம் எடுக்கட்டும், எழுதிக் கொடுக்கட்டும். கணக்கு நம்ம நம்பர்ல இருக்கணும், விலையை நாம சொல்லணும்.

இப்போ என் நம்பர்லயே வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிறேன். அதுக்குக் காசு கிடையாது. பொருள் படம், விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று போட்டுவிட்டேன். “விலைக்கு மெசேஜ் பண்ணுங்க”ன்னு சிலர் போடறாங்க, எனக்கு அது பிடிக்காது. சந்தையில விலை சொல்லத் தயங்கறவகிட்ட யார் நிப்பாங்க? பாதிப் பணம் முன்னாடியே வாங்கிடறேன்.

“நம்மளை நாமே பெருமை பேசறதா?” என்று மாமியார் கேட்டாங்க. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரங்க 2018ல வில்லேஜ் குக்கிங் சேனல் ஆரம்பிச்சாங்க. தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில அடுப்பு மூட்டி, அவங்க பேசற பேச்சுலயே சமைச்சாங்க. 2021ல ஒரு கோடி பேர் சேர்ந்தாங்க. அந்த அளவுல தமிழ்ல அதுதான் முதல் சேனல். சமைக்கிறது பூரா ஆம்பளைங்க, கவனிச்சீங்களா! நாம தினம் மூணு வேளை சமைக்கிறோம், நம்மளை யாரும் படம் எடுக்கல. நமக்கு ஒரு கோடி பேர் வேண்டாம். சென்னையில கல்யாணம், சீமந்தம் வைக்கிற இருநூறு வீடு நம்மளைத் தெரிஞ்சு வச்சிருந்தாலே நாலு பேருக்கு வேலை.

ஊறுகாய், மசாலாப் பொடி, கருவாடு போடறவங்களுக்கு ஒண்ணு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், பாக்கெட்டுல இருக்கணும். படத்துலயும் அது தெரியற மாதிரி வைங்க, புதுசா வாங்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்.

இன்னொண்ணு. மொத்த ஆர்டர் தரேன்னு ஒருத்தன் பேசி, க்யூ.ஆர். படம் அனுப்பி, “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வரும்”னான். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்ல, கொடுக்கத்தான் தேவை. அது தெரியாம 3,000 போச்சு. அப்படி நடந்தா அழுதுக்கிட்டு உட்காராம உடனே 1930க்குக் கூப்பிடுங்க. நான் மூணு நாள் கழிச்சுத்தான் கூப்பிட்டேன்.

சீட்டுல இப்போ ‘பழவேற்காடு பனை ஓலை’ன்னு எழுதி, கீழே குழு பேரும் என் நம்பரும் போடறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வாசல் பக்கம் ஓலையோட உட்கார்ந்திருப்பேன். ஃபோனை எடுத்துட்டு வாங்க. கணக்குல யார் நம்பர் இருக்குன்னு முதல்ல பார்ப்போம்.