எதிர்முழக்கம் மங்கினால்



பதுளையிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் புகைவண்டி தெமோதரைக் குன்றுகளிடையே ஊதுமாயின், அவ்வொலி உடனே அடங்கிவிடுவதில்லை. மலைகளில் மோதித் திரும்பி, சிறிது நேரம் முழங்கியே ஓய்கின்றது. இதனை எதிர்முழக்கம் என்பர். மலைகள் செய்யும் இவ்வேலையை, ஒன்றரை அடிக்கும் குறைந்த ஓர் உலோகப் பெட்டியினுள் இரண்டு மூன்று மெல்லிய சுருள்விற்கள் செய்து காட்டுகின்றன.

நெடுந்தூரத் தொலைபேசியிற் பேச்சுத் தாமதித்து வருவதை ஆராய்தற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் கையாண்ட சுருள்வில்லை, ஹமொண்ட் நிறுவனத்தார் தம் மின் ஓர்கனுக்கு ஏற்றவாறு திருத்தினர். 1963 இல் பெண்டர் நிறுவனத்தார் அதனை வால்வுகளால் இயங்கும் கிற்றார் ஒலிபெருக்கியினுள்ளேயே பொருத்தினர். நம் நாட்டில், 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை பரவியபோது, கிற்றாரும் தமிழ் மேடைக்கு உரியதாயிற்று.

பழைய வால்வு ஒலிபெருக்கி ஒன்றை அரிதிற் பெற்ற இளைஞன், அதன் முழக்கம் மங்கியதும், வில் தளர்ந்துவிட்டதெனக் கருதிப் புதிய பெட்டிக்குச் சேமிப்பையெல்லாம் செலவிட முற்படுகின்றான். வில்லோ எளிதில் தளர்வதன்று. குறை எங்கே உள்ளதென அறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

கிற்றாரின் ஒலி மின்னோட்டமாகச் செலுத்தும் வால்வை அடைகின்றது. அங்கிருந்து சிறு மின்மாற்றி வழியாகப் பெட்டியின் ஒரு முனையிலுள்ள கம்பிச்சுருளுக்குச் சென்று, நுண்ணிய காந்தத்தை அசைக்கின்றது. அவ்வசைவு வில்லினூடே மறுமுனை சேர ஏறக்குறைய ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு செல்லும். அங்குள்ள கம்பிச்சுருள் அதனை மீண்டும் மின்னாக்க, மீட்கும் வால்வு பெரிதாக்கித் தருகின்றது.

ஆகவே, வில்லுக்கு முன்னே ஒரு கூறும் பின்னே ஒரு கூறுமாகப் பாதை இரண்டாகின்றது. ஒலிபெருக்கியை இயக்கி, எதிர்முழக்கக் குமிழைப் பாதியளவு திருப்பி, மரக்கூட்டை மெல்லத் தட்டுக. இடி போன்ற ஓசை எழுமாயின், பின்கூறு நலமே. குறை முன்கூற்றில் உள்ளது. ஓசை எழாவிடின், பின்கூற்றை ஆராய்தல் வேண்டும். திருகாணி ஒன்றையும் கழற்றாமலே பாதி ஐயம் இவ்வாறு தீர்ந்துவிடும்.

அடுத்து, மின்செருகியைச் சுவரிலிருந்து அகற்றிய பின், பெட்டிக்குச் செல்லும் இரு வடங்களையும் நோக்குக. மலைநாட்டு மூடுபனியின் ஈரம் அவற்றின் முனைகளிற் களிம்பேற்றும். துடைத்துப் பொருத்துதலே சில வேளை போதிய மருந்தாகும். உட்செல்லும் வடமும் வெளிவரும் வடமும் இடம் மாறியிருப்பினும் முழக்கம் நலியும். பெண்டர் வகை நீண்ட பெட்டியில், உட்சுருள் ஏறக்குறைய 1 ஓமும் வெளிச்சுருள் 200 ஓமளவும் தடை காட்டும். மானி ஒன்றுமே காட்டாவிடின், மயிரினும் மெல்லிய கம்பி அறுந்துள்ளதென்க. வேறு வகைப் பெட்டி மாட்டப்பட்டிருந்தாலும், செலுத்தும் சுற்றுடன் அது பொருந்தாமல் ஒலி குன்றும்.

இவை யாவும் செம்மையெனின், வால்வுகளை ஆறவிட்டு, அவ்வவ்விடத்திற்குரிய நல்ல வால்வை மாற்றிப் பார்க்கலாம். இவ்வகைப் பெருக்கிகளில் செலுத்துவது பெரும்பாலும் 12ஏடி7; மீட்பது 12ஏஎக்ஸ்7. இரண்டும் ஒரே வடிவின. ஆயினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செவ்வனே செய்யாது.

இதற்கப்பால் உட்புறத்திற் கைவைத்தல் பழகாதார்க்கு ஆகாது. அங்கே 400 வோல்ற்றளவான அழுத்தம், மின்னைத் துண்டித்த பின்னரும் மின்கொள்ளிகளிலே தங்கி நிற்கும். அது உயிரைக் கொல்ல வல்லது. முதுமையால் வலிவிழந்த மின்கொள்ளிகளை மாற்றும் பணியைத் தொழில் அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். மேற்கூறியவாறு ஆராய்ந்து சென்ற இளைஞன், "எதிர்முழக்கம் கெட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாது, "செலுத்தும் பகுதியிற் குறை" எனத் தெளிந்து சொல்ல வல்லவனாவான். அவனது பொருளும் உயிரும் காக்கப்படும். பழம் பெருக்கியும் மீண்டும் முழங்கும்.