கழலோசை கேட்ட செவி



நம்பியாரூரர் திருவவதாரம் செய்த இத்திருநாவலூரில், பக்தசனேசுவரர் திருமுன்னர், ஆடிச் சுவாதிக் குருபூசைக்காகக் கூடியிருக்கின்றோம். இன்று செவியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சேரமான் பெருமாள் நாயனார் நாள்தோறும் பூசை முடிவில் கூத்தப்பெருமானின் சிலம்பொலியைக் கேட்பார். ஒருநாள் அவ்வொலி தாழ்த்தது. அவர் உயிர்விடத் துணிந்து உடைவாளை உருவிய பின்னரே ஒலித்தது. தில்லையில் வன்றொண்டன் பாடிய பாட்டில் ஒன்றி நின்றமையால் தாழ்த்ததாக இறைவன் உரைத்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இவ்வூர்ப் பிள்ளையின் பாட்டுக்கு ஆண்டவனே செவி கொடுத்தான். அச்செய்தி சேரரை அடைந்ததும் செவிவழியேதான்.

அச்செவியின் அமைப்பைக் காண்போம். செவிமடல் திரட்டும் ஒலியலை, ஏறத்தாழ 2½ சென்டிமீட்டர் நீளமுள்ள குழல்வழியே உட்சென்று, மத்தளத்தின் தோல்போன்ற செவிப்பறையை அதிர்விக்கின்றது. அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிச் செல்கின்றன. அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவினது. நம் உடலில் அதனினும் சிறிய எலும்பு இல்லை. அது தட்ட, நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவியிலுள்ள நீர் அலைகின்றது. அங்கே ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் நாற்றங்கால்போல் நிரையாக நிற்கின்றன. கைத்தாளத்தின் கூரிய ஒலிக்குச் சுருளின் அடியில் உள்ளவையும், பேரிகையின் தாழ்ந்த ஒலிக்கு நுனியில் உள்ளவையும் மிகுதியாக அசைகின்றன. அவ்வசைவு மின்துடிப்பாகிச் செவிநரம்பின் வழியே மூளையை எட்ட, ஐந்தெழுத்தை நாம் கேட்கின்றோம்.

சுந்தரர் திருவொற்றியூரை நீங்கியபோது கண்ணொளி இழந்தார்; இடக்கண்ணைக் காஞ்சியிலும், வலக்கண்ணைத் திருவாரூரிலும் மீளப் பெற்றார். நம் செவியின் மயிரணுக்களோ ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதிர்வேட்டும் ஒலிபெருக்கியும் அருகே முழங்கினால் அவை மடியும். அவ்விழப்பு பெரும்பாலும் வலியின்றி வரும். கூரிய ஒலிகளே முதலில் மறையுமாதலின், ஒருவர் பேசுவது கேட்கும், சொல் விளங்காது.

ஆதலின் அன்பர்களே, வேட்டு வெடிக்கும் இடத்திலிருந்து பிள்ளைகளைத் தொலைவில் நிறுத்துவோம். ஒலிபெருக்கியின் வாயருகே அவர்களை அமர்த்தாதிருப்போம். அதன் ஒலியையும் குறைப்போம். கைதட்டினும் திரும்பிப் பாராத மழலையை, விதியென்று விட்டுவிடாமல், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவோம். பேச்சைக் கேட்டே பேசப் பழகுகின்றது குழந்தை.

தேவாரம் நமக்குப் பின்னும் பாடப்பெறும். அதைக் கேட்கும் செவியை நம் மக்களுக்குப் பழுதின்றி விட்டுச்செல்வதும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.