நாற்பதுக்கு மேல் சிலம்பம்



மாலையில் பிள்ளைகள் சிலம்பம் பயிலும் திடலின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று, “இந்த வயதில் நமக்கு எதற்கு?” என்று லயத்திற்குத் திரும்பும் பெரியவர்கள் உண்டு. முழங்கால் வலியைக் காட்டிலும், சிறுவர்கள் சிரிப்பார்களே என்னும் கூச்சமே அவர்களைத் தடுக்கின்றது. அவர்களுக்காகவே இன்று பேச விழைகிறேன்.

சிலம்பத்தின் முதற்பாடம் காலடி வைத்தலாகும். நெற்றியளவு உயரமுள்ள கம்பைச் சுழற்றுவது அதன் பின்னரே. காலடி முறையைச் சிறுவன் சில நாட்களில் பற்றிக்கொள்வான். நாற்பதைக் கடந்தவருக்குச் சில வாரங்கள் ஆகலாம். இது உடலின் இயல்பு. பயிற்சியால் தசை விரைவில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ மெல்லவே வலுப்பெறும். வயது ஏற ஏற, அயர்வு நீங்கவும் கூடுதல் காலம் வேண்டும். ஆதலால் இளைஞர் நாள்தோறும் பயின்றாலும், நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பயிலுங்கள். குதித்தாடும் அடவுகளைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளோர் முதலில் மருத்துவரைக் காண்பது அவசியம். பயிற்சியின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி நாடவேண்டும்.

“நாளெல்லாம் காட்டில் நடக்கிறோமே, போதாதா?” எனக் கேட்கலாம். நடை நல்லதே. ஆயினும் மரம் வெட்டும் வேலை உடலை ஒரே வகையில் வளைக்கின்றது. சிலம்பம் இரு கைகளையும் இரு பக்கமும் இயக்குகின்றது. 65 வயதைக் கடந்தோர் கீழே விழாதிருக்க, வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சியும் செய்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. காலடிப் பயிற்சி, நிலைதடுமாறாமல் நிற்க உடலைப் பழக்கும்.

பால்மரம் வெட்டக் கற்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். ஆழ வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் குறையும். அவ்வளவை உங்கள் கை பொறுமையால் அறிந்தது. அதே பொறுமை இங்கும் துணை நிற்கும்.

ஆசான் உங்களினும் இளையவராக இருக்கலாம். வீதியில் அவர் உங்களை “மாமா” என்றழைப்பார். திடலில் அவர் ஆசான், நீங்கள் மாணவர். அவர் திருத்தும்போது தலைவணங்கிக் கேளுங்கள். தந்தை தவறியும் மீண்டும் முயல்வதைக் காணும் பிள்ளை, தன் பள்ளிப் பாடத்திலும் எளிதில் மனம் தளரமாட்டான்.

இளைஞர்களே, பெரியவர் தடுமாறினால் நகையாதீர்கள். அருகில் நின்று அடியைக் காட்டிக் கொடுங்கள்.