படுத்துக் கிடக்கிற வீடியோவை நிமிர்த்துறது எப்படி?

இன்னைக்கு சின்ன எபிசோட்தான். பக்கவாட்டுல படுத்துக் கிடக்கிற வீடியோவை, தரம் குறையாம எப்படி நிமிர்த்துறதுன்னு பார்க்கலாம்.

எங்க சித்தப்பா ஒரு கிளிப் குடுத்தார். திருவண்ணாமலையில எடுத்தது. தீபம் ஏத்துற திருவண்ணாமலை இல்லைங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில். 'தென் திருப்பதி'ன்னு சொல்வாங்க. புரட்டாசி சனிக்கிழமை ராஜபாளையத்துல இருந்தெல்லாம் கூட்டம் கிளம்பி வரும். அந்தக் கூட்டத்துல எங்க தாத்தா படியேறுற 40 செகண்ட் வீடியோ. தாத்தா இப்போ இல்லை. அவர் நடக்கிறதைப் பார்க்க எங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். ஆனா வீடியோவே படுத்துக் கிடக்கு. சித்தப்பா ஏதோ ஒரு ஆப்ல திருப்பிப் பார்த்திருக்கார். நிமிர்ந்துச்சு, ஆனா தாத்தா முகம் மங்கிப் போச்சு.

ஏன் மங்குது? பெரும்பாலான போன்கள்ல கேமரா சென்சார் படத்தை எப்பவும் அகலவாக்குலதான் பதியும். போனை நிமிர்த்திப் பிடிச்சா, பிக்சல் திரும்பாது. "இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு"ன்னு ஃபைலுக்குள்ள ஒரு குறிப்பு மட்டும் சேரும். எம்பி4 ஃபைல்ல அது ஒன்பது எண்கள் கொண்ட ஒரு சின்ன கட்டம், அவ்ளோதான். குறிப்பு தப்பா இருந்தா வீடியோ படுத்துடும். படத்துல ஒரு குறையும் இல்லை! ஆனா பல ஆப்கள் குறிப்பை விட்டுட்டு, மொத்த வீடியோவையும் பிரிச்சு, திருப்பி, மறுபடி சுருக்கிப் பதியுது. அங்கதான் தரம் போகுது.

அதனால முதல்ல குறிப்பை மாத்துங்க. 'எஃப்எஃப்எம்பெக்' இலவச மென்பொருள். புது வெர்ஷன்ல, இன்புட் ஃபைல் பேருக்கு முன்னாடி 'டிஸ்பிளே ரொட்டேஷன்' ஆப்ஷன், பின்னாடி 'காப்பி' ஆப்ஷன். 0, 90, 180, 270 – நாலே கோணம்தான். சின்ன கிளிப்னா ஒரு செகண்ட்ல முடியும், எது சரியா வருதோ அதை வெச்சுக்கோங்க. தாத்தா கிளிப் அப்படித்தான் நிமிர்ந்துச்சு, ஒரு பிக்சல் கூட மாறலை.

சில பழைய டிவி, பிளேயர் எல்லாம் இந்தக் குறிப்பைக் கண்டுக்காது. அதுக்கு மட்டும் 'டிரான்ஸ்போஸ்' ஃபில்டர் போட்டு, உயர்ந்த தரத்துல தனியா ஒரு பிரதி எடுங்க.

சரி, குறிப்பு ஏன் தப்பாகுது? புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்துதான் போன் தன் நிலையைக் கண்டுபிடிக்கும். ஆண்டாள் கோயில் 11 நிலை கோபுரத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து எடுக்கிறப்போ, இல்ல கோலத்தை மேல இருந்து எடுக்கிறப்போ, போன் கிட்டத்தட்ட படுத்தமாதிரி இருக்கும். அதுக்குத் திசை குழம்பிடும். ரெக்கார்டிங் ஆரம்பிச்சப்புறம் போனைத் திருப்பினாலும் குறிப்பு மாறாது. அதனால, முதல்ல போனை நேரா பிடிங்க, ரெக்கார்ட் அழுத்துங்க, அப்புறம் சாயுங்க.

கடைசியா ஒண்ணு. எதை மாத்துறதுக்கு முன்னாடியும் ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, சுருங்காது. திரும்ப எடுக்க முடியாத வீடியோ எல்லார் வீட்லயும் ஒண்ணாவது இருக்கும்.